கூப்பிடாத மண்ணெண்ணெய் வண்டி

ஹச்சினோஹே
நவம்பர் 12, 2018

என் அருமை ஷிஹோவுக்கு,

செல்போனில் செய்தி அனுப்பினால் நீ படித்துவிட்டாய் என்று காட்டுகிறது. பதில் மட்டும் வருவதில்லை. அதனால்தான் கடிதம். இதைத் தூக்கிப் போட வேண்டுமென்றால் குப்பைக்கூடை வரைக்குமாவது நீ நடக்க வேண்டும் அல்லவா? அந்தச் சிரமத்தையாவது உனக்குக் கொடுக்கலாமே என்று பார்த்தேன்.

முதலில் வாழ்த்து. உன் ‘மண்ணெண்ணெய் வண்டி’ பாட்டு போன வியாழக்கிழமை நான் வேலை செய்யும் கரோக்கே கடைக்கு வந்துவிட்டது. பகலில் ஓய்வூதியக்காரர்களுக்குச் சலுகை உண்டு; அந்தக் கூட்டத்தில் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தினமும் பாடுவதற்கு ஏழாம் அறையைப் பிடித்துக்கொள்வார். வறுத்த உருளைக்கிழங்குத் தட்டோடு நான் உள்ளே நுழைகிறேன், திரையில் உன் பாட்டு. பெயருக்குக் கீழே ‘சொற்கள்: ஷிஹோ, இசை: ஷிஹோ’ என்று இரண்டு தடவை நீ. ஒரு தடவை போதாதா உனக்கு?

“இந்தப் பொண்ணு நம்ம ஊராமே?” என்றார்.

“ஆமாங்க. என்னோட படிச்சவதான்.”

“அப்படியா! அப்ப நீயும் பாடுவியா?”

“நான் உருளைக்கிழங்கு வறுப்பேங்க.”

சிரித்தார். நானும் சிரித்தேன். உன் முதல் தொகுப்பில் பத்துப் பாட்டில் பதினான்கு சிறகு இருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு, இவள் கோழிப்பண்ணையே வைக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். வானம், விண்மீன், முடிவில்லாத பாதை என்று வேறு அடுக்கியிருந்தாய். இப்போது பார்த்தால் குளிரில் வெடித்த கைவிரல் வருகிறது, தெருவில் மண்ணெண்ணெய் வண்டி வருகிறது. வளர்ந்துவிட்டாய், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஆறாவது வரி வந்தபோது தட்டைக் கீழே வைக்காமலே நின்று படித்தேன். ‘கேன் காலி, ஆனாலும் நான் கூப்பிடவில்லை.’ இதைப் பற்றி இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. உனக்கே தெரியும்.

அம்மா உன்னை விசாரித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் (வேறு வழியில்லாமல்தான்)
மாயுகோ


டோக்கியோ, கோஎன்ஜி
டிசம்பர் 3, 2018

மாயு,

உன் கடிதத்தைக் குப்பைக்கூடைக்கு எதிர்த்திசையில் எடுத்துக்கொண்டு போய்த் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். போதுமா? பதில் போடாததற்கு என்னை நாலு வார்த்தை திட்டு, வாங்கிக்கொள்கிறேன். கச்சேரி, ஒலிப்பதிவு, வானொலிப் பேட்டி என்று ஓடிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் சாக்குதான்.

நீ சொன்ன கோழிப்பண்ணை உண்மைதான். அலுவலகத்தில் என் பாட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அகிதா அண்ணன் முதல் தொகுப்பு விற்காமல் போனதும் என்னை உட்கார வைத்துப் பேசினார். “சிறகெல்லாம் போதும்மா. உங்க ஊர்ல குளிர்காலத்துல சன்னலுக்கு வெளிய என்ன சத்தம் கேக்கும், அதச் சொல்லு” என்றார். மண்ணெண்ணெய் வண்டி ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டு, கூப்பிட்டவர்களின் கேனை நிரப்பிக்கொண்டு போகுமே, அது என்றேன். “அப்பறம் ஏன் இத்தன நாளா விண்மீனப் பத்தி எழுதிட்டிருந்தே?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் எழுதும் விதம் இன்னும் மாறவில்லை. முதலில் அர்த்தமில்லாமல் ல ல லா என்று முனகி ராகத்தைப் பிடிப்பேன். பிறகு அதற்குள் சொற்களைத் திணிப்பேன். ஒரு சொல்லை வைத்ததும் நீ மூக்கைச் சுருக்குவது போலத் தெரிந்தால் அதை எடுத்துவிடுவேன். இப்போதெல்லாம் முக்கால்வாசிச் சொற்கள் உன் மூக்கால்தான் போகின்றன.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. அலுவலகத்தில் எல்லோருமாகக் கரோக்கே போனோம். என் பாட்டை நானே பாடினேன். இயந்திரம் நூற்றுக்கு எண்பத்தொன்று மதிப்பெண் போட்டது. “அசல் பாடகி மாதிரி பாட முயற்சி செய்யுங்க” என்று திரையில் ஆலோசனை வேறு. அகிதா அண்ணன் தரையில் உருண்டு சிரித்தார். உனக்கு எவ்வளவு வரும்? பாடிப் பார்த்துச் சொல். சொல்லாமலும் இருக்கலாம், உன் குரலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

உன் அம்மா செய்யும் செம்பெய் பிஸ்கோத்து போட்ட சூப்பின் ஞாபகம் வந்து படுத்துகிறது. இங்கே யாருக்கும் அது தெரியாது. சொன்னால் பிஸ்கோத்தைச் சூப்பிலா போடுவீர்கள் என்கிறார்கள்.

அன்புடன்
ஷிஹோ


ஹச்சினோஹே
ஜனவரி 7, 2019

ஷிஹோவுக்கு,

புத்தாண்டு அட்டை வந்தது. அச்சடித்த படம், அச்சடித்த வாழ்த்து. கையால் எழுதியது என் முகவரி மட்டும். ஆறாவது வரியைப் பற்றி நான் கேட்காமல் கேட்டேன், நீ சொல்லாமல் தப்பித்தாய். சூப்பைப் பற்றி எழுத இடம் இருந்தது உனக்கு. எனவே நேராகவே கேட்டுவிடுகிறேன்.

அந்த வரி என்னுடையது.

பள்ளிக்கூடத்தில் நம் இருவருக்கும் நடுவில் ஒரு நோட்டு போய் வந்துகொண்டிருந்ததே. ஒரு நாள் நீ ஒரு வரி, மறுநாள் நான் ஒரு வரி. தேதி போட்டு, உன் வரிக்கு வட்டம், என் வரிக்கு முக்கோணம். எது யாருடையது என்று வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி உருண்டை எழுத்துப் பழகினோம். ஒரு நாள் வெறுமையாக விட்டால் நோட்டு செத்துவிடும், நட்பும் செத்துவிடும் என்று சட்டம் போட்டவள் நீதான். உயர்நிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு பிப்ரவரியில் முக்கோணத்துக்கு எதிரே இருக்கிறது அந்த வரி. நோட்டு என் அலமாரியின் அடித்தட்டில் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை, அந்த முக்கோணம் என் கண்ணிலேயே நிற்கிறது.

செண்டாயில் நடந்த குரல் தேர்வு உனக்கு நினைவிருக்கும். நான் பாடினேன், நீ கிட்டார் வாசித்தாய். தேர்வு நடத்திய அந்தக் கண்ணாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “பாடறவங்க ஊருக்கு நூறு பேர் இருக்காங்க. அந்த மண்ணெண்ணெய் வரிய எழுதினது யாரு?” என்று கேட்டார். நீ சொல்வாய் என்று நான் சும்மா இருந்தேன். ‘இவதான்’ என்று சொல்வாய், குறைந்தபட்சம் ‘ரெண்டு பேரும்’ என்றாவது சொல்வாய் என்று. நீ “நாந்தான்” என்றாய். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். ஆறு வருஷமாக அந்தத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பொறாமையா என்றால், ஆமாம், பொறாமைதான். உன் பாட்டு ஏழாம் அறையில் ஓடும்போது எட்டாம் அறையைத் துடைக்கிறேன். நீ வளர்ந்தாய் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். சின்னச் சின்னதைப் பார்க்கும் அந்தக் கண் உனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. என்னிடமிருந்து வந்தது. எனக்குப் பணம் வேண்டாம். திரையில் என் பெயர் வேண்டும்.

நீ கேட்டாயே, பாடிப் பார்த்தேன். தொண்ணூற்றேழு.

மாயுகோ


டோக்கியோ
பிப்ரவரி 2, 2019

மாயு,

நீ சொல்வது சரி. அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். அகிதா அண்ணன், “ஆதாரம் ஏதாவது இருக்கா?” என்றார். நான் சொல்கிறேனே, அது போதாதா என்றேன். ஏப்ரலிலிருந்து திரையில் ‘சொற்கள்: மாயுகோ, ஷிஹோ’ என்று வரும். உன் பெயரை முதலில் போடச் சொன்னேன்.

முன்பே செய்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

நோட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள். ஆனால் பழைய பக்கங்களையெல்லாம் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. பதினேழு வயதில் எழுதியதைப் படித்தால் இரண்டு பேருக்கும் வெட்கமாகத்தான் இருக்கும்.

தொண்ணூற்றேழா! பாவி.

ஷிஹோ


ஹச்சினோஹே
ஏப்ரல் 20, 2019

என் செல்ல ஷிஹோ,

வந்துவிட்டது! திங்கள்கிழமை காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஏழாம் அறையில் போட்டுப் பார்த்தேன். என் பெயர்! எவ்வளவு பெரிய எழுத்து! மூன்று விநாடிதான் நிற்கிறது, பிறகு பாட்டு தொடங்கிவிடுகிறது. எட்டு தடவை போட்டுப் பார்த்தேன். அம்மா மதியம் வந்தாள், திரையைப் படம் எடுத்து அத்தை, சித்தி, பல் மருத்துவர் வரைக்கும் அனுப்பிவிட்டாள். “இத்தன வருஷமா வாயத் தொறக்காம இருந்தியேடி” என்று அழுதாள். கண்ணு பட்டுவிடும், ஊரெல்லாம் சொல்லாதே என்றேன், யார் கேட்கிறார்கள்.

மேலாளர் நருமி ஐயா ‘இந்தப் பாட்டை எழுதியவர் இங்கேதான் வேலை செய்கிறார்’ என்று பெரிய தாளில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். பஸ் டிரைவர் எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னார். “உருளைக்கிழங்கு வறுக்கறவன்னு பொய் சொன்னியேம்மா” என்றார். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து படம் பிடித்துக்கொண்டு போனாள். அதற்கு முன்பே நான் முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தேன், நல்லவேளை.

உன் மேல் எனக்கு இனிக் கோபம் கிடையாது. நிஜமாகச் சொல்கிறேன். நேற்று நீ தொலைக்காட்சியில் பாடியபோது முழுக்கப் பார்த்தேன். முன்பெல்லாம் பாதியில் நிறுத்திவிடுவேன். நீ ஐந்தாவது வரியில் கொஞ்சம் சுருதி இறங்கினாய், அதுகூட எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நருமி ஐயாவுக்கு அந்த நோட்டு வேண்டுமாம். அந்தப் பக்கத்தைத் திறந்தபடி கண்ணாடிப் பெட்டியில் வைத்து வாசலில் காட்ட வேண்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அலமாரியைக் குடையப் போகிறேன்.

உன் பாடலாசிரியை
மாயுகோ


ஹச்சினோஹே
ஜூன் 9, 2019

ஷிஹோ,

ஏழு வாரமாக உனக்கு எழுதவில்லை. நீ எழுதிய இரண்டு அட்டைகளும் வந்தன. பதில் போடாமல் இருப்பது எப்படி என்று உன்னிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். ஆனால் அது காரணமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டை எடுத்துவிட்டேன். பிப்ரவரி 9. முக்கோணம். ‘கேன் காலி, ஆனாலும் நான் கூப்பிடவில்லை.’ நான் நினைத்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்துக்குள் மடித்த சீட்டு ஒன்றும் இருந்தது. ஃப்ளூ காய்ச்சல், 6ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதி வரை பள்ளிக்கு வரக் கூடாது என்று பள்ளிக்கூடம் கொடுத்த சீட்டு. என் பெயர்.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காய்ச்சலில் படுத்துக்கொண்டு எழுதியிருப்பேன் என்றுதான் நினைத்தேன். அம்மாவிடம் கேட்டேன். “அந்த அஞ்சு நாளும் ஒரு ஈ காக்காயக்கூட வீட்டுக்குள்ள விடலயே. ஷிஹோ வாசல்ல வந்து நின்னா, நான்தான் திருப்பி அனுப்பினேன். நோட்டு எப்படி வந்திருக்கும்?” என்றாள்.

திரும்பவும் பார்த்தேன். ஆறாம் தேதி வட்டம், ஏழாம் தேதி முக்கோணம், எட்டு வட்டம், ஒன்பது முக்கோணம், பத்து வட்டம். ஐந்து நாளும் ஒரே பேனா. மை கசியும் உன் பச்சைப் பேனா. ஒரு நாள் வெறுமையாக விட்டாலும் நோட்டு செத்துவிடும் என்று நீ போட்ட சட்டத்துக்காக, நான் படுக்கையில் கிடந்தபோது என் முறைக்கும் நீயே எழுதி முக்கோணம் போட்டிருக்கிறாய்.

வசந்த விடுமுறையில் அந்த நோட்டிலிருந்து பாட்டுக் கட்டினோம். “இது நல்லாருக்கே, இத நான் எப்ப எழுதினேன்?” என்று கேட்டேன். நீ கிட்டாரைச் சுருதி கூட்டிக்கொண்டே, “காய்ச்சல்ல எழுதியிருப்பே” என்றாய். எனக்கு அது அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அன்றிலிருந்து அது என் வரி. செண்டாயில் நீ “நாந்தான்” என்றபோது உண்மையைத்தான் சொன்னாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தது மன்னிப்புக் கேட்கத்தான் என்று இத்தனை நாள் நினைத்தேன். உனக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்படியிருந்தும் நான் கேட்டதும் உன் வரியைத் தூக்கிக் கொடுத்தாய், என் பெயரை முதலில் போடச் சொன்னாய், பழைய பக்கங்களைப் புரட்டாதே என்று எழுதினாய்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஏழு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பஸ் டிரைவரின் வணக்கத்தைத் தினமும் வாங்கிக்கொண்டேன். நோட்டு கிடைக்கவில்லை என்று நருமி ஐயாவிடம் பொய் சொன்னேன். அதையும் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

நேற்றுதான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். “நான் கிழிக்கட்டுமா, நீயே கிழிக்கிறியா?” என்றார். நானே கிழித்தேன்.

இனிமேல் உன் மேல் எனக்குப் பொறாமை இருக்காது என்று நினைக்காதே. முன்பைவிட அதிகமாக இருக்கிறது. நீ திருடிக்கொண்டாய் என்று நினைத்தவரை பொறாமைப்பட எனக்கென்று ஒரு வரியாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கேன் காலியாக இருந்தும் கூப்பிடாதவள் நான்தான். வாய் திறந்து கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் தரையைப் பார்த்தவள் நான்தான். பதினேழு வயதிலேயே என்னை அவ்வளவு சரியாக எழுதிவிட்டாய். என் பெயரில் பொய்யாக எழுதும்போதுகூட என்னைவிட நீதான் என்னை நன்றாக எழுதுகிறாய். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் பெயரை எடுத்துவிடு. நோட்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். உன்னிடமே இருக்கட்டும்.

மாயுகோ


ஹச்சினோஹே
டிசம்பர் 8, 2019

ஷிஹோ,

உன்னிடமிருந்து கடிதமே வரவில்லை. செப்டம்பரில் திரையிலிருந்து என் பெயர் போய்விட்டது. எடுத்துவிடு என்று எழுதியவள் நான்தான். எடுத்துவிட்டாயே என்று உருளைக்கிழங்குத் தட்டோடு ஏழாம் அறைக்கு வெளியே நின்று அழுதவளும் நான்தான். பஸ் டிரைவர் வெளியே எட்டிப் பார்த்தார். “எண்ணெய் தெறிச்சிடுச்சுங்க” என்றேன். கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உன் பாட்டையே மறுபடியும் போட்டார், புண்ணியவான்.

உன் புதுத் தொகுப்பை வாங்கினேன். ஒன்பது பாட்டு. ஒரு சிறகுகூட இல்லை. மூன்றாவது பாட்டைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது, அவ்வளவு எரிச்சலாக இருந்தது. இதைவிடப் பெரிய பாராட்டு என்னிடம் இல்லை.

வியாழக்கிழமை நோட்டு திரும்பி வந்தது. உள்ளே கடிதம் இருக்கும் என்று உறையைத் தலைகீழாக உதறினேன். ஒன்றும் இல்லை. பிறகுதான் பக்கத்தைப் புரட்டினேன். கடைசியாக நாம் எழுதிய பக்கத்துக்கு அடுத்ததில் டிசம்பர் 3 என்று தேதி. வட்டம். ‘இந்த ஊரில் மண்ணெண்ணெய் வண்டி வருவதே இல்லை.’ அதற்குக் கீழே வெறும் முக்கோணம். இந்த முறை அதை நீ நிரப்பவில்லை.

நாலு நாளாக அந்த முக்கோணத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். உன் சட்டப்படி நோட்டு இதற்குள் செத்திருக்க வேண்டும். நீ எழுதுவது மாதிரி எழுதிப் பார்த்தேன். நீ என்னை எழுதுவது மாதிரி எழுதிப் பார்த்தேன். இரண்டும் வரவில்லை. எழுதிக் கசக்கிய தாள்களைப் பார்த்து அம்மா, “அடுப்பு பத்தவைக்க ஆகும், எழுதிட்டே இரு” என்றாள். அறையைச் சூடாக்கும் அந்த மண்ணெண்ணெய் அடுப்புதான் இன்று காலை அணைந்தது. கேனைத் தூக்கிப் பார்த்தேன், எடையே இல்லை. அப்போது கீழ்த்தெருவில் மண்ணெண்ணெய் வண்டியின் அந்தப் பாட்டு கேட்டது.

நோட்டை இதோடு அனுப்புகிறேன். என் வரி முக்கோணத்துக்கு எதிரே இருக்கிறது. உன் வரி அளவுக்கு நன்றாக இல்லை, அது எனக்கே தெரியும், யாரும் இதைத் திரையில் போடப் போவதில்லை. ஆனால் கறுப்பு மையில், என் சொந்தக் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். உருண்டையாக இல்லை, கொஞ்சம் கோணலாக இருக்கும். உறை கிழிந்து நோட்டு தொலைந்தாலும் தொலையும் என்பதால் இங்கேயும் ஒரு பிரதி:

‘சன்னலைத் திறந்து கூப்பிட்டேன். வண்டியை நிறுத்தி அவர் கேட்டார்: எத்தன நாளாம்மா கேன் காலி?’

மாயுகோ